திரைக்குப் பின்னால் நிற்க விரும்பும் பிள்ளைக்கு

சாவகச்சேரிப் பக்கம் இருந்து ஒரு பெண்பிள்ளை கேட்டிருந்தார்: "உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்தேன். நடிக்க ஆசையில்லை. லைற், காட்சி விதானிப்பு, மேடை முகாமை இவைதான் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே இதைத் தொழிலாகச் செய்யலாமா? எங்கே படிப்பது, எங்கே தொடங்குவது? வீட்டில் 'இதெல்லாம் ஓர் உத்தியோகமா' என்று கேட்கிறார்கள்."

கடைசியில் இருந்து வருகிறேன். உத்தியோகம் இல்லைத்தான், பிள்ளை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு மாதச் சம்பளம், வருடாந்த லீவு, கடைசியில் பென்சன் என்று ஒரு பொருள் இருக்கிறது. அந்தக் கணக்கில் இது வராது. ஆனால் வயரிங் செய்கிறவர், தச்சர், தையற்காரர் எல்லோரும் குடும்பம் நடத்துகிறார்கள் அல்லவா? அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் இது தொழில்தான். நான் முப்பது வருசத்துக்கு மேலாக லைற்றும் மேடை முகாமையும் செய்துதான் சாப்பிடுகிறேன். ஆனால் நாடகத்தால் மட்டும் சாப்பிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டவர்களை நம்பி வந்து இரண்டு வருசத்தில் கசந்து போனவர்களைக் கண்டிருக்கிறேன்.

இங்கே நாடகம் போட்டே மாதச் சம்பளம் கொடுக்கும் கொம்பனியை நம்பி யாரும் இறங்க முடியாது. மேடைகள் இருக்கின்றன. வீரசிங்கம் மண்டபம் இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்குள் கைலாசபதி கலையரங்கு இருக்கிறது, பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டி 2023இல் கையளித்த பண்பாட்டு மையம் 600 பேர் இருக்கிற மண்டபத்தோடு நிற்கிறது. அதற்கு 2025இல் திருவள்ளுவர் பெயரும் வைத்தாயிற்று. ஆனால் ஒரு நாடகக் குழு ஒரு மண்டபத்தை எடுத்தால் ஒரு நாளைக்குத்தான் எடுக்கும். காலையில் விளக்குகளைப் பூட்டி, பின்னேரம் ஒத்திகை பார்த்து, இரவே கழற்றிக்கொண்டு வெளிக்கிட வேண்டும். அந்த ஒரு நாள் கூலியில் ஒரு மாதத்தை ஓட்ட ஏலாது.

அப்புறம் காசு எங்கே இருந்து வருகிறது? கலியாண மணவறையில் இருந்து. சாமத்திய வீட்டுச் சோடனையில் இருந்து. கோயில் திருவிழா, பாடசாலைப் பரிசளிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக நடன அரங்கேற்றத்தில் இருந்து. ஓர் அரங்கேற்றத்தின் லைற்றுக்குக் கொடுக்கிற காசில் கால்வாசியைக்கூட ஒரு நாடகத்தின் லைற்றுக்கு ஒதுக்க மாட்டார்கள். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. மணவறை கட்டுகிறவரைக் கொஞ்சம் கீழாகப் பார்க்கிற நாடகக்காரர் எங்களுக்குள் உண்டு. எட்டடிக் காட்சித் தட்டி ஒன்றைச் சுவரில் ஆணி அடிக்காமல், பின்னால் முட்டுக்கொடுத்து, மணல் மூட்டை வைத்து, இரண்டு பேர் பத்து நிமிசத்தில் நிறுத்துவது எப்படி என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். மணவறைக்காரரிடம் கேட்டால் செய்தே காட்டுவார். நான் காட்சியமைப்பில் படித்ததில் பாதி இணுவில் பக்கத்து மணவறைக்காரர் ஒருவரிடம் படித்ததுதான்.

ஆகவே என்னுடைய முதல் ஆலோசனை நாடகத்தைப் பற்றியதே இல்லை. கையால் செய்கிற ஒரு தொழிலைச் சான்றிதழோடு படியுங்கள். மின்னிணைப்பு, தச்சு, உருக்கி ஒட்டுகிற வெல்டிங், தையல், இதில் ஒன்று. தொழிற்பயிற்சி அதிகாரசபை, யாழ்ப்பாணத் தொழினுட்பக் கல்லூரி, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த ஜேர்மன் பயிற்சி நிறுவனம் என்று வடக்கிலேயே இடங்கள் இருக்கின்றன. என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்றகைமையில் 7 மட்டம் உண்டு. 1 தொடக்கம் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். 4ஆம் மட்டம் முடித்தால் மேற்பார்வை இல்லாமல் தனியே வேலை செய்யலாம் என்று கணக்கு. அந்தத் தாளை வீட்டில் காட்டினால் 'உத்தியோகமா' என்ற கேள்வியும் கொஞ்சம் அடங்கும். நாடகம் இல்லாத மாதத்தில் அடுப்பு எரியவும் அது உதவும். மின்னிணைப்பு வகுப்பில் நீங்கள் மட்டும்தான் பெண்பிள்ளையாக இருக்கக்கூடும். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏன் இப்படி அழுத்துகிறேன் என்றால், எனக்கு ஒருவரும் அழுத்திச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நாடகம். கையில் இருந்தவை 1000 வாற் 'பார்' (PAR) மேடை விளக்குகள். 230 வோல்ற்றில் அப்படி ஒன்று 4.3 அம்பியருக்குக் கொஞ்சம் கூட இழுக்கும். 13 அம்பியர் புளக்கில் இரண்டு கொழுவினால் நிம்மதி. மூன்றாவதைக் கொழுவினால் 13.04. ஒரு துளிதானே கூடுகிறது என்று கொழுவினேன். அது ஒரு பிழை. இரண்டாவது பிழை அதைவிட மோசம்: நீட்டு வயரை உருளையில் சுற்றியபடியே விட்டுவிட்டேன். மேடைக்கு வேண்டியது நாலு யார் நீளம்தான், மீதியை அவிழ்ப்பானேன் என்று சோம்பல். சுற்றிக் கிடக்கிற வயருக்குச் சூடு வெளியேற வழியில்லை. இரண்டாம் காட்சியில் தாய் மகனைத் தேடி அழுகிற இடத்தில் எனக்கு முன்னால் றபர் எரிகிற மணம். பார்த்தால் உருளைக்குள் வயரின் தோல் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. பிடுங்கினேன். மேடை இருண்டது. மண்டபத்து ரியூப் லைற் ஒன்றின் கீழ்தான் அந்தப் பிள்ளைகள் மீதியை நடித்து முடித்தார்கள். பார்த்தவர்களுக்கு அது ஏதோ உத்தி மாதிரித் தெரிந்திருக்கிறது, ஒருவர் வந்து பாராட்டவும் செய்தார். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

இப்போது எல்லாம் எல்.ஈ.டி. ஆகிவிட்டது, இழுவை குறைவு, இந்தக் கணக்கு எதற்கு என்று இளம் ஆக்கள் கேட்பார்கள். விளக்கு மாறினாலும் மின்சாரம் மாறவில்லை. கோயில் வீதியில் மும்முனை இணைப்பில் வேலை செய்யும்போது நியூட்ரல் வயர் ஒன்று கழன்றால், 230 வரவேண்டிய இடத்தில் 400 வோல்ற் வரை ஏறி வரலாம். ஒரு கண்சிமிட்டில் அத்தனை எல்.ஈ.டி. விளக்கும் லப்ரொப்பும் போய்விடும். ஜெனறேற்றருக்கு மண்ணிணைப்புப் போடாமல், மழை பெய்த முற்றத்தில் இரும்புக் கம்பத்தில் விளக்குப் பூட்டினால் போவது விளக்கு மட்டும் இல்லை. மின் ஒழுகினால் தானாக விழுகிற ட்ரிப் சுவிச்சை முதலில் அமத்திப் பார்த்து, அது விழுகிறதா என்று உறுதி செய்துவிட்டுத்தான் நான் மற்ற வேலையைத் தொடங்குகிறேன். மண்டபக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

விளக்குகளைக் கட்டுப்படுத்துகிற டி.எம்.எக்ஸ். பற்றி ஒரு விசயம் மட்டும், ஏனென்றால் புதியவர்கள் எல்லோரும் இதில்தான் தடக்குப்படுகிறார்கள். ஒரு வயர்த்தொடரில் 512 வாய்க்கால், அதாவது சனல். ஒவ்வொரு விளக்குக்கும் தன் வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று ஒரு முகவரி கொடுக்க வேண்டும். 6 வாய்க்கால் வேண்டிய விளக்கு என்றால் முதலாவதுக்கு 1, இரண்டாவதுக்கு 7, மூன்றாவதுக்கு 13. இரண்டு விளக்குக்கு ஒரே முகவரி கொடுத்தால் இரண்டும் இரட்டைப்பிள்ளை மாதிரி ஒன்றாக ஆடும். சில நேரம் அதுவும் வேண்டும், அது வேறு கதை. ஒரு தொடரில் 32 கருவிக்கு மேல் கொழுவாதீர்கள், கடைசிக் கருவியில் 120 ஓம் முடிப்பான் (ரேர்மினேற்றர்) ஒன்று போடுங்கள். அதைப் போடாமல் விட்டுவிட்டு 'விளக்கு நடுங்குது, பேய் பிடிச்சிருக்கு' என்று சொல்கிறவர்களிடம் போய்த்தான் நான் பல இரவு நேரங்களில் பேயோட்டியிருக்கிறேன்.

கருவி எல்லாம் யாரும் ஆறு மாதத்தில் பழகிவிடலாம். கண் பழக வருசம் எடுக்கும். எங்கள் பிள்ளைகளின் கறுத்த, மாநிறத் தோலில் எல்.ஈ.டி.யின் குளிர் வெள்ளையை நேராக அடித்தால் முகம் சாம்பல் பூத்தது போல் இருக்கும். கொஞ்சம் மஞ்சள் கலந்து, நேர் முன்னால் இருந்து அடிக்காமல் இரண்டு பக்கமும் 45 பாகை அளவில் சரித்து அடித்துப் பாருங்கள். கன்னமும் மூக்கும் கண்ணும் எழும்பி வரும். வீட்டில் அம்மாவை ஒரு கதிரையில் இருத்தி, இரண்டு மேசை விளக்கு வைத்து இருட்டில் ஒரு மணித்தியாலம் விளையாடுங்கள். ஒரு பாடநூலும் தராததை அது தரும். அம்மா ஏசுவா, சமாளியுங்கள்.

இனி, இந்தத் தொழிலின் நடுமுள் என்று நான் நினைக்கிற விசயத்துக்கு வருகிறேன். அது விளக்கும் இல்லை, தட்டியும் இல்லை. கொப்பி.

எங்கள் கூத்திலேயே அந்த ஆள் இருந்தார். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தோடு களரியில் நிற்க, ஏடு பார்க்கிறவர் ஒருவர் பக்கத்தில் நின்று ஆட்டக்காரருக்கு அடி எடுத்துக்கொடுப்பார். விடியும் வரை கண் மூடாமல், ஆட்டத்தில் மயங்காமல் இருக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். மேடை முகாமையாளர் என்று இன்று சொல்கிற வேலைக்கு எங்கள் ஊரில் அவர்தான் முன்னோர் என்று நான் நினைக்கிறேன்.

என் கொப்பி ஒன்று எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சி.ஆர். கொப்பிதான், கனமானது. இடப்பக்கம் நாடக எழுத்துருவின் ஒரு தாளை ஒட்டியிருப்பேன். வலப்பக்கம் வெறுமை. அதில் பென்சிலால் மட்டும் எழுதுவேன், ஏனென்றால் நெறியாளர் கடைசி நாள் வரை மாற்றிக்கொண்டே இருப்பார், அது அவருடைய உரிமை. எந்த வசனத்தின் எந்தச் சொல்லில் லைற் மாறுகிறது, எந்த இடத்தில் யார் எந்தப் பக்கத்தால் வருகிறார், கையில் என்ன கொண்டு வருகிறார், அந்தப் பொருள் பிறகு எங்கே போகிறது. கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். முதற்காட்சியில் தகப்பன் மேசையில் வைத்த கடிதம் நாலாம் காட்சியில் மகளின் கையில் இருக்க வேண்டும் என்றால், நடுவில் அதை யாரோ ஒருவர் எடுத்து மறுபக்கம் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவரின் பெயர் கொப்பியில் இருக்கும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் இலக்கம். காட்சி ஓடும்போது அரை நிமிசம் முந்தி "லைற் 14, ஆயத்தம்" என்பேன். லைற்காரர் "ஆயத்தம்" என்று திருப்பிச் சொல்வார். பிறகு அந்தச் சொல் வரும்போது "14, விடு." விடு என்ற சொல்லை நாங்கள் காட்சி ஓடும்போது வேறு எதற்கும் பாவிக்க மாட்டோம். ஒருமுறை புதிதாக வந்த தம்பி ஒருவர், தோளில் கையை வைத்துப் பகிடி விட்ட நண்பரிடம் "விடு மச்சான்" என்றார். சாவு வீட்டுக் காட்சியில் நாதஸ்வரம் ஒலித்துவிட்டது.

மேடைத்தரைக் குறிகளும் கொப்பியைச் சேர்ந்தவைதான். கட்டில் எங்கே, கதிரை எங்கே என்று நிற ரேப்பால் மூலைகளை மட்டும் ஒட்டுங்கள், முழுக்கோடு இழுக்காதீர்கள். வலம் இடம் என்றால் சபையைப் பார்த்து நிற்கிற நடிகரின் வலமும் இடமும், பார்ப்பவருடையது இல்லை. பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் இருட்டில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான் படித்தது தங்கியிருக்கிறதா என்று தெரியும்.

எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று: மங்கல விளக்கு. எங்கள் ஊரில் எந்த நிகழ்வும் விளக்கேற்றாமல் தொடங்காது. பிரதம விருந்தினர் முக்கால் மணித்தியாலம் பிந்தி வருவார், ஐந்து பேர் ஐந்து திரியை ஏற்றுவார்கள், விளக்கைத் தூக்கும்போது எண்ணெய் சிந்தும். பிறகு வெறுங்காலோடு பிள்ளைகள் அதே இடத்தில் வந்து ஆட வேண்டும். பழைய சாரத்துண்டும் ஒரு பேணி மரத்தூளும் பக்கத்திரைக்குப் பின்னால் எப்போதும் என்னிடம் இருக்கும். விளக்கு எழும்பிய உடனே தூளைப் போட்டு, துணியால் இழுத்து, காலால் தேய்த்துப் பார்க்கிற வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை எல்லாம் நீளுகிற நாளில் நடிகர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, ஒப்பனை வியர்த்துக் கரையாமல் மின்விசிறிக்குக் கீழே இருத்தி வைப்பதும் நீங்கள்தான்.

சரி, படிப்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கலாம். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி இடம் தந்தால் போங்கள். வரலாறும் கோட்பாடும் எழுத்துருவை வாசிக்கிற பழக்கமும் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கும், எழுத்துருவை வாசிக்கத் தெரியாத லைற்காரர் வெறும் சுவிச்சுக்காரர்தான். ஆனால் பட்டம் எடுத்தவர்களில் பலர் ஆசிரிய நியமனத்தை நோக்கித்தான் போகிறார்கள். அது குறை இல்லை. பாடசாலைக்குப் போனவர்கள்தான் தமிழ்த்தினப் போட்டிக்கு வருசா வருசம் நாடகம் பழக்குகிறார்கள், எனக்கும் கூப்பிட்டு வேலை தருகிறார்கள். பட்டத்தோடு கைவேலையும் தானாக வந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

குழுக்களில் பழகுவது இன்னொரு பள்ளிக்கூடம். இங்கே அதற்கு நீண்ட வழி உண்டு. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியதே இந்த வேலையைப் பயிற்சியாகச் செய்ய வேண்டும் என்றுதான். அவர் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் ஊர் ஊராகப் போனபோது நான் பள்ளிக்கூடப் பெடியன். பின்னால் நின்று பார்த்தேன். காட்சியமைப்பு என்று சொல்ல அதிகம் இல்லை, ஆட்களே காட்சியாக மாறினார்கள். குறைய வைத்துக்கொண்டு நிறையச் செய்வது என்பது எங்கள் அரங்குக்கு அப்போதே வந்துவிட்டது. வேறு வழியும் இருக்கவில்லை. 1990 தொடங்கி ஐந்து வருசம் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. ஜாம் போத்தலில் விளக்குக் கொளுத்தி வாசித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம், மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. அந்த இருட்டிலும் நாடகம் நடந்தது. பெற்றோமக்ஸ் வெளிச்சத்துக்கு முன்னால் பிஸ்கற் தகரத்தை வெட்டி வைத்து, தகரத்தைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்த ஆள் ஒருவரிடம்தான் நான் எடுபிடியாகச் சேர்ந்தேன். அவர் ஆசையாகக் கட்டிய மங்கலாக்கி (டிம்மர்) பெட்டி 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் போனது.

திருமறைக் கலாமன்றத்தை மறக்கக்கூடாது. 1965இல் மரியசேவியர் அடிகள் தொடங்கியது. தவக்காலத்தில் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகம் போடும்போது பெரிய காட்சியமைப்பு, நிறைய ஆட்கள், நிறைய உடுப்பு. அப்படி ஒன்றில் ஒரு வருசம் நின்றால் சின்ன நாடகம் பத்தில் நின்றதற்குச் சமம். குருநகர், பாசையூர் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்துக்காரரையும், வட்டுக்கோட்டை வடமோடிக் கூத்துக்காரரையும், காத்தவராயன் கூத்துப் போடுகிற கோயில்களையும் போய்ப் பாருங்கள். முகத்துக்குப் பூசுகிற முத்துவெள்ளை குழைக்கிற விதம், கிரீடம் தலையில் ஆடாமல் கட்டுகிற விதம், கனத்த உடுப்போடு ஆளைக் களரிக்கு இறக்குகிற விதம், இவை எல்லாம் பின்னணி வேலைதான். அந்தக் கைகள் குறைந்துகொண்டு வருகின்றன.

குழுவிடம் எப்படிப் போவது? "வேலை இருக்கா" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும், உண்மையும் அதுதான். "ஒத்திகைக்கு வந்து இருக்கலாமா" என்று கேளுங்கள். முதல் மூன்று நாள் வாயைத் திறக்காமல், ஒரு கொப்பியும் பென்சிலுமாக மூலையில் இருங்கள். எழுதிக்கொண்டிருங்கள். நாலாம் நாள் நெறியாளர் "நேற்று இந்த இடத்தில அவர் எந்தப் பக்கத்தால வந்தவர்?" என்று பொதுவாகக் கேட்பார். எல்லோரும் முகத்தை முகம் பார்ப்பார்கள். நீங்கள் கொப்பியைப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் இல்லாமல் ஒத்திகை தொடங்காது. நான் பழக்கிய பிள்ளைகளில் நிலைத்தவர்கள் எல்லோரும் இந்த வழியால்தான் உள்ளே வந்தவர்கள். கருவி தெரியும் என்று வந்தவர்கள் கருவி வாடகைக்கு விடப் போய்விட்டார்கள். காசு அதில் கூட, பிழை சொல்லேன்.

பைக்குள் இருக்க வேண்டியவை: சின்ன ரோச் லைற், அதன் வாயில் நீலத்தாள் ஒட்டி. கறுப்பு ரேப், வெள்ளை ரேப், ரெஸ்ரர், குறடு, கத்தரிக்கோல், ஊசி நூல், சட்டை ஊசி ஒரு தாள், நெருப்புப் பெட்டி, பனடோல், தோடம்பழ இனிப்பு. கடைசி இரண்டும் நடிகருக்கு. பாட்டா செருப்போடு மேடையில் ஏறாதீர்கள். சத்தமும் போடும், ஆணியும் ஏறும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை, திறந்தவெளி நாடகம் இன்னும் நிறைய நடப்பதால். சோளகம் வீசுகிற மாதங்களில் கோயில் வீதியில் துணித்தட்டி வைத்தால் அது பாய்மரம். சாக்கையோ கிடுகையோ இடைவெளி விட்டுக் கட்டுங்கள், காற்றுப் போக வழி விடுங்கள். மேடை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று போன உடனே பார்க்கிற பழக்கம் வர வேண்டும்.

பெண்பிள்ளை என்பதால் வீட்டில் கேட்கப்போகிற உண்மையான கேள்வி வேறு என்று எனக்குத் தெரியும். இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாய், யாரோடு வருவாய். நியாயமான கேள்விதான். கழற்றி ஏற்றி முடிய இரவு 12 ஆகும், சில நாள் 2 ஆகும். ஆகவே சேரும்போதே கேளுங்கள்: வீடு வரை வான் உண்டா, இன்னொரு பெண்பிள்ளை குழுவில் இருக்கிறாரா, உடைமாற்றும் அறைக்குப் பூட்டு உண்டா. இதைக் கேட்டதற்காக முகம் கோணுகிற குழு என்றால் அன்றைக்கே விட்டுவிடுங்கள், நட்டம் உங்களுக்கு இல்லை. ஏணியில் ஏற வேண்டாம், உடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அன்பாகச் சொல்வார்கள். உடுப்பு வேலை பிடித்தால் செய்யுங்கள், அது பெரிய வேலை. பிடிக்காவிட்டால் ஏணியில் ஏறுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருக்க வேண்டும் என்ற விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

காசு விசயத்தில் நான் பட்டது நிறைய. முதல் ஒன்றிரண்டு நாடகத்தைப் படிப்பாக நினைத்துச் சும்மா செய்யுங்கள், போக்குவரத்தும் சாப்பாடும் மட்டும் கேளுங்கள். மூன்றாவதில் இருந்து சும்மா செய்யாதீர்கள். "கலைச்சேவை" என்று யாராவது தொடங்கினால், மண்டப வாடகையையும் கலைச்சேவைக் கணக்கில் விட்டார்களா என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். எத்தனை நாள், ஏற்றி இறக்குகிற நாள் சேர்த்தா, முற்பணம் எவ்வளவு, மிச்சம் எப்போது, எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக எழுதி "சரியா அண்ணை?" என்று கேட்டு, "ஓம்" என்ற பதிலை வாங்கி வையுங்கள். ஒரு விழாவுக்கு மூன்று நாள் வேலை செய்துவிட்டு, காசு வெளிநாட்டில் இருந்து வர வேண்டும், வரும், வரும் என்று கேட்டுக்கொண்டே ஒரு வருசம் போனது எனக்கு. அந்த ஓம் என்னிடம் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் 1953இல் திறந்த லயனல் வென்ட், 2011இல் திறந்த நெலும் பொக்குண போன்ற அரங்குகளில் ஒரு தயாரிப்போடு போய் நின்று பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். கம்பி, கப்பி, எதிர்ப்பாரம் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிற மேடை எப்படி இருக்கும் என்று கையால் தெரிந்துகொள்ளலாம். அதற்குச் சிங்களம் வேண்டும். இலக்கணம் வேண்டாம், "தூக்கு, இறக்கு, கவனம், இன்னும் கொஞ்சம் இடம்" வரை போதும். மேற்படிப்புக்கு டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருசப் படிப்பில் விதானிப்பையும் அரங்க நுட்பத்தையும் சிறப்பாக எடுக்கலாம். இலங்கை மாணவர்களுக்கான இந்தியப் புலமைப்பரிசில் விபரங்களை யாழ்ப்பாணத்திலேயே இருக்கிற இந்தியத் துணைத்தூதரகத்தில் கேட்கலாம். லண்டனில் ராடா நாடகக் கல்லூரி மாதிரி இடங்களில் மேடை முகாமையும் தொழினுட்ப அரங்கும் பட்டப்படிப்பாகவே உண்டு. கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அங்கே மாமா, சித்தி இருந்து படிக்க வைத்தால் போங்கள், ஆனால் போவதற்கு முன் இங்கே இரண்டு வருசம் ஏணி பிடித்திருந்தால் அங்கே சொல்வது விளங்கும்.

இந்த மாதத்துக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் பழைய பாடசாலையில் நாடகம் பழக்குகிற ரீச்சரிடம் போங்கள். அடுத்த நாடகத்துக்குக் கொப்பி நான் எழுதுகிறேன் என்று சொல்லுங்கள். மறுக்க மாட்டா. மேடையேறி முடிந்த பிறகு அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் வாருங்கள். அழிறபர் தேய்ந்திருக்கிறதா, தாள் அழுக்காகியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். புதுக்கொப்பி மாதிரி இருந்தால் திரும்பிப் போகச் சொல்வேன், பகிடி இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம்.